மேடு பள்ளம்: ஒட்டன்சத்திரம் முதல் பழனி வரை சக்கர நாற்காலியில் போக முடியுமா?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு வயது 34. நான்கு வருடத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளில் நல்ல பலம், நாற்காலியைத் தானே தள்ளுவான். வருகிற தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்க் குழுவோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு நாற்காலியிலேயே வருவேன் என்று மாலை போடத் துடிக்கிறான். குருசாமியைக் கேட்டால், "பாதை நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டு வாங்க" என்கிறார். அம்மா அழுகிறார். பாதை அவனுக்குச் சரிப்படுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, வேடசந்தூர்

பதில்: குருசாமி பொய் சொல்லவில்லை. அவர் காலுக்கு அந்தப் பாதை நல்ல பாதைதான். இரண்டு காலும் நன்றாக இருப்பவர் நாலு அங்குலப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எந்த மண்டபத்தில் சுக்குக் காபி கொடுத்தார்கள், எங்கே கொப்புளம் வந்தது என்பதுதான் அவருக்கு நினைவிருக்கும். அதனால் "பாதை எப்படி?" என்று யாரையும் கேட்காதீர்கள். நீங்களே போய் அளந்து பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனை வீட்டில் விட்டுவிட்டு அவனுக்காகப் பாதை பார்க்கப் போவது, மாப்பிள்ளை இல்லாமல் சட்டைக்கு அளவெடுக்கிற கதை.

நான் நெடுஞ்சாலை வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இளம்பிள்ளை வாதத்தால் இடது காலில் கேலிப்பர் என்கிற தாங்குசட்டம் போட்டுத்தான் வேலை பார்த்தேன். கடைசி பதினோரு வருடமாக நாற்காலி. நீங்கள் கேட்கும் வழியில் ஒரு முறை போயும் வந்திருக்கிறேன். சாலையோரம் பாதயாத்திரைக்கென்று பேவர் பிளாக் பதித்த நடைபாதை பல இடங்களில் இருக்கிறது. அது இருக்கிற இடத்தில் எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் அது முடிகிற இடத்தில். ஒரு மதகுக்குப் பக்கத்தில் பாதை திடீரென்று நின்றுவிட்டது. மதகுக் கைப்பிடிச் சுவருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம். நடந்து வந்தவர்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். ராத்திரி பதினொரு மணி, பின்னால் காய்கறி லாரி. என் மருமகன் துண்டை வீசி லாரியை நிறுத்தினான். அந்த முப்பது அடியைத் தவிர அன்றைய வழி முழுவதும் சுகம்தான். ஆனால் இன்று கேட்டாலும் எனக்கு அந்த முப்பது அடிதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். மிக மோசமான இடம் எது, அதை எப்படித் தாண்டுவது என்று பாருங்கள். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி சராசரி எடுத்துப் பாஸ் போடுகிற விஷயம் இல்லை இது.

பைக்கில் ஒரு தடவை மெதுவாகப் போய்ப் பாதை எங்கெங்கே விட்டுப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதகுகள், கிளைச்சாலை பிரியும் இடங்கள், பெட்ரோல் பங்க் வாசல்கள், பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் குறிப்பில் வர வேண்டும். மற்ற வேலையெல்லாம் கீழே இறங்கித்தான். கையில் ஒரு டேப், 90 சென்டிமீட்டருக்கு வெட்டிய ஒரு மூங்கில் குச்சி, 120 சென்டிமீட்டர் நீளமான நேர்ப்பலகை, கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டம் ஆகியவை இருந்தால் போதும்.

குச்சியைப் படுக்கவைத்து நுழையாத இடத்தில் நாற்காலி கைமுட்டி இடிக்காமல் நுழையாது. கம்பம், மரம், கடைப் பலகை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனைதான். இரு சக்கர வண்டி ஏறக் கூடாதென்று நட்டு வைத்த குத்துக்கற்களை மறக்காமல் பாருங்கள். பைக்காரன் எப்படியாவது நுழைந்துவிடுவான், மாட்டிக்கொள்வது நாம்தான்.

சாய்வுக்குப் பலகை. பலகையைச் சரிவில் வைத்து, தாழ்ந்த பக்கத்தை ரசமட்டம் நேராகும் வரை தூக்குங்கள். தரைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 6 சென்டிமீட்டர் என்றால் 20-க்கு 1 சாய்வு, தம்பி தானே ஏறுவான். 10 சென்டிமீட்டர் என்றால் 12-க்கு 1. கட்டிடத்துச் சாய்தளத்துக்கே அதுதான் உச்ச வரம்பு. அதற்கு மேலே போனால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும், இறங்கும்போது பிடிக்கவும் வேண்டும்.

இதே பலகையைக் குறுக்கேயும் வையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் வடிய பாதையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்ப்பது வழக்கம். இடைவெளி 2.4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், அதாவது 50-க்கு 1, பரவாயில்லை. அதற்கு மேல் போனால் நாற்காலி பள்ளத்துப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். நேராகப் போக ஒரு கையால் தள்ள வேண்டும், மறு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரில் தெரியாது. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு தோள் மட்டும் தனியாகக் கழன்று போன மாதிரி இருக்கும். தம்பிக்குத் தோள்தான் கால். அது கெட்டால் மறுநாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவே ஆள் வேண்டும்.

தளத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாற்காலியில் 50 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, பேவர் பிளாக்கில் ஒரு கிலோமீட்டர், தார் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர், சரளை மண்ணில் கொஞ்ச தூரம் நீங்களே தள்ளிப் பாருங்கள். ரோட்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேவர் கல்லுக்கு நடுவில் மணல் கரைந்து போயிருந்தால் சின்ன முன் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தட்டும். அந்த அதிர்வில் தம்பிக்குக் கால் வெட்டி இழுக்கலாம், பாதம் மிதியிலிருந்து நழுவலாம். காலில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சரளையில் முன் சக்கரம் புதைந்து நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்னால் போவார். அங்கே நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து பெரிய சக்கரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும், அல்லது திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக இழுக்க வேண்டும்.

அப்புறம் முள். நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் காற்று டயரை ஒரு கை பார்த்துவிடும். காற்றில்லாத டயர் பஞ்சராகாது, ஆனால் குலுக்கல் அதிகம். நான் காற்று டயர்தான் போட்டிருந்தேன். இரண்டு பஞ்சர். ஒட்டுச் சாமான், பம்பு, ஒரு மாற்று டியூப் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பகலில் பார்த்தது போதாது. குழு ராத்திரியில் நடக்கும் என்றால் ராத்திரி ஒரு தடவை போய் நில்லுங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை ஊர். கேரளாவுக்குப் போகிற லோடெல்லாம் கிளம்புகிற இடம். நடப்பவர் தோளில் ஒட்டும் ஒளிரும் பட்டை லாரி டிரைவர் கண்ணுக்குப் படும். நாற்காலியில் இருப்பவர் தலையே மற்றவர்களின் மார்பு உயரத்தில்தான் இருக்கும், முன்னால் நடப்பவர்கள் மறைத்துவிடுவார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஆறடிக் கம்பு கட்டி, உச்சியில் ஒளிரும் துணியும் சிவப்பு விளக்கும் வையுங்கள். வேல் கட்டினாலும் சரி, அதில் பட்டை ஒட்டிவிடுங்கள்.

பாதையை விட உடம்பு விஷயம் பெரிது. கீழே உணர்வு இல்லாதவருக்குப் புண் வருவது தெரியாது. கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றித் தூக்கியோ, முன்னால் குனிந்தோ, பிட்டத்தில் இருந்து பாரத்தை ஒன்றிரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். பஜனை சுவாரசியத்தில் மறந்துபோகும். ஒருவர் கையில் அலாரம் இருக்கட்டும். வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்று குழு சொன்னால், பாதத்துக்குத் தடித்த துணியாவது சுற்றுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பு மிதி சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தங்கும் இடத்தில் கண்ணாடி வைத்துப் பாதம், குதிகால், பிட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும். சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் குழாய் போடுகிறவர் என்றால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான மறைவான இடம் வேண்டும். அந்த இடங்களை அளக்கப் போகும்போதே குறித்து வையுங்கள். "இடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மண்டபக் கழிவறைகளைத் திறந்து பாருங்கள். கதவு நுழைகிற அளவு இருக்கும், வாசலில் முக்கால் அடிப் படி இருக்கும். படி இல்லையென்றால் உள்ளே திரும்ப இடம் இருக்காது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் தேவை. எனக்கு இதில் நம்பிக்கை போய்ப் பல காலம். கூட வரும் வேனில் ஒரு கமோடு நாற்காலியும் மறைப்புத் துணியும் வைத்துக்கொள்வேன்.

இப்போது தூரம். நல்ல தளத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தாலே 30 கிலோமீட்டருக்குச் சக்கரம் சுற்றும் நேரம் மட்டும் பத்து மணி. குழு ஒரே மூச்சில் போகும், தம்பி போகக் கூடாது. ஏறக்குறைய பாதி வழியில் சத்திரப்பட்டி. அங்கே தங்கி இரண்டு நாளாகப் பிரியுங்கள். இன்னொரு யோசனையும் சொல்கிறேன், அவனுக்குப் பிடிக்காமல் போகலாம். மாலை போடுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனிக்கு முன்னால் இருக்கிற ஆயக்குடியிலிருந்து பழனி வரை மட்டும் ஒத்திகை பார்க்கட்டும். கொய்யா வாங்கித் தின்றுகொண்டே போகலாம். மறுநாள் காலை அவன் தோள் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். டாக்டரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் அதற்குப் பிறகு பாருங்கள், அப்போதுதான் சொல்ல விவரம் இருக்கும்.

மோசமான இடங்களில் வேனில் ஏற்றி அக்கரையில் இறக்கினால் வேண்டுதலுக்குக் குறையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதை நீங்களும் குருசாமியும் இப்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். நடு ராத்திரி மதகு ஓரத்தில் அந்த விவாதம் வேண்டாம். அம்மாவிடம் குறிப்பு நோட்டைக் காட்டுங்கள். எங்கே ஆபத்து, எங்கே ஆள் நிற்பார் என்று தெரிந்தால் அழுகை பாதி குறையும். என் வீட்டில் குறைந்தது.

கேள்வி: நடந்து போவதற்குப் பெயர்தானே பாதயாத்திரை? முடியாதவர்கள் காரில் போய்க் கும்பிட்டால் முருகன் ஏற்க மாட்டாரா? எதற்கு மற்றவர்களுக்கும் சிரமம்?
– வாசகர், கரூர்

பதில்: ஏற்பார். முடிந்தவர்கள் காரில் போனாலும் ஏற்பார். நீங்கள் ஏன் நடக்கிறீர்கள்?

கேள்வி: என் அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி, இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருக்கும் நீங்கள் சொல்லும் அளவெடுக்கும் முறைதானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை, அவருக்குக் கணக்கு வேறு. நாற்காலிக்குத் தொல்லை தரும் விளிம்புதான் பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டி. நடைபாதை ஓரக்கல் தொடர்ச்சியாக இருந்தால் கோல் அதைத் தட்டிக்கொண்டே போகும். எனவே ஓரம் எங்கெங்கே உடைந்து வாய்க்காலோடு சேர்ந்துவிடுகிறது என்று பாருங்கள். அடுத்தது தலை உயரம். கோல் தரையில் உள்ளதைத்தான் சொல்லும். சாய்ந்த மரக்கிளை, பந்தல் கயிறு, டீக்கடைத் தகரம், விளம்பரப் பலகை எல்லாம் நேரே நெற்றியில்தான் வந்து இடிக்கும். கையை உயர்த்தியபடி ஒரு தடவை நடந்து பாருங்கள், எத்தனை தட்டுகிறது என்று எண்ணலாம்.

தோளைப் பிடிப்பதை விட, உங்கள் முழங்கைக்கு மேலே அம்மா பிடிக்கட்டும். நீங்கள் அரைத் தப்படி முன்னால் நடங்கள். நீங்கள் ஏறுவதும் இறங்குவதும் கை வழியே அவருக்குத் தெரிந்துவிடும். பாதை குறுகினால் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள், அவர் பின்னால் வந்துவிடுவார். சர்க்கரை என்கிறீர்கள், அதனால் இன்னொன்று. வெறுங்கால் வேண்டவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினதும் தெரியாது.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வருடா வருடம் வழியில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று எங்களால் என்ன செய்ய முடியும்? பெரிய வசதி எங்களிடம் இல்லை.
– இளைஞர் குழு, சத்திரப்பட்டி அருகே

பதில்: முதலில் செய்யாமல் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், அதற்குக் காசு ஆகாது. பந்தல் கயிற்றை இழுத்து நடைபாதைக்குக் குறுக்கே முளை அடிக்காதீர்கள். சீரியல் பல்பு ஒயரையும் ஜெனரேட்டர் ஒயரையும் பாதையில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மேலே எட்டடி உயரத்தில் கொண்டுபோங்கள். பைக்குகளை நடைபாதையில் வரிசையாக நிறுத்தாதீர்கள், நன்கொடை கொடுக்க வந்த பெரிய மனிதர் காராக இருந்தாலும் சரி. எச்சில் இலையும் சாம்பாரும் பாதையில் கிடந்தால் ஊன்றுகோல் வழுக்கும். கட்டையைக் கக்கத்தில் வைத்து நடப்பவர் விழுந்தால் எழுவது சாதாரண விஷயம் இல்லை.

ஒலிபெருக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. பார்வை இல்லாதவர் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் ரோடு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறார். உங்கள் பாட்டு முப்பது அடிக்கு மேலே கேட்க வேண்டுமா என்ன?

செய்ய வேண்டியது: பரிமாறும் மேசை ஒன்றையாவது இரண்டரை அடி உயரத்தில், அடியில் முழங்கால் நுழையும்படி போடுங்கள். மேசை முன்னால் தரை சமமாக இருக்கட்டும். முதுகு சாய்கிற நாற்காலி நாலு, கையூன்றி எழும்படி கைப்பிடியோடு வேண்டும். கால்மணை போன்ற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நடைபாதையிலிருந்து உங்கள் பந்தலுக்கு அரையடி இறக்கம் இருந்தால், ஆறடி நீளப் பலகையில் நெளியாதபடி குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்வாக வையுங்கள். அதுவே 12-க்கு 1 ஆகிவிடும். அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. பலகையின் இரு ஓரத்திலும் ஓர் அங்குல ரீப்பர் கட்டை அடித்துவிட்டால் சக்கரம் நழுவாது. தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார்.

கேள்வி: ஊர்ப்புற நடைபாதைக்கெல்லாம் சட்டத்தில் அளவு உண்டா? அளந்து எழுதிக் கொடுத்தால் மதிப்பார்களா?
– பொறியியல் மாணவர், மதுரை

பதில்: உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 சாலையையும் நடைபாதையையும் விட்டுவைக்கவில்லை. தடையில்லாத கட்டமைப்புக்கான மத்திய அரசின் ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகள் 2021-இல் வந்தன. நடப்பவர் வசதிக்கென்று, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட ஐஆர்சி 103 என்கிற ஏடு, தடையில்லாத அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இப்படிப்பட்ட அளவுகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

மதிப்பார்களா என்றால், "நடைபாதை மோசம்" என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள். அந்த மனு எந்தக் கோப்பில் போகும் என்று எனக்குத் தெரியும், நானே போட்டிருக்கிறேன். "இந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து இத்தனை மீட்டரில் மதகு, பாதை அகலம் 45 சென்டிமீட்டர், டேப் வைத்த படம் இணைப்பு" என்று எழுதுங்கள். அளவோடு வந்த காகிதத்துக்கு அளவோடுதான் பதில் எழுத வேண்டும், தப்பிக்க முடியாது.

ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது ஒரு பேருந்து நிறுத்தத்து நடைமேடை என் மேற்பார்வையில் ஒன்பது அங்குல உயரத்தில் கட்டி முடிந்தது. சாய்தளம் வரைபடத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை. கேலிப்பர் போட்ட காலை வைத்துக்கொண்டு நானே கேட்கவில்லை! வருடங்கள் கழித்து இரண்டு பேர் என்னை நாற்காலியோடு அதன் மேல் தூக்கி வைத்தார்கள். யார் கட்டியது என்று ஒருவர் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி: பழனி வரை போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 693 படியை நாற்காலிக்காரர் எப்படி ஏறுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: ஏற வேண்டாம். 1966 முதல் விஞ்ச், அதாவது தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கிற பெட்டி, ஓடுகிறது, 2004 முதல் ரோப் கார் இருக்கிறது. ரோப் கார் மாதத்தில் ஒரு நாளும், வருடத்துக்கு ஒரு முறை நீண்ட நாட்களும் பராமரிப்புக்காக நிற்கும். தேதியைக் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தொலைபேசியில் "நாற்காலிக்கு வசதி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "பெட்டிக்குள் நாற்காலி மடக்காமல் நுழையுமா, இறங்கின இடத்திலிருந்து சந்நிதி வரை எத்தனை படி, அந்தப் படிக்கு மாற்று வழி எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நம்பலாம். தைப்பூச நாளன்று வரிசை மணிக்கணக்கில் நிற்கும், உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவருக்கு அது ஆகாது. அடிவாரத்தில் அன்று கும்பிட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கூட்டம் வடிந்ததும் மேலே போங்கள்.